கோப்புறைச் சாளரம் உறைந்துபோனால்: காரணத்தைத் தேடிப் பிடிக்கும் முறை

மாணவர்களே, பள்ளிச் செயல்திட்டத்துக்காக எடுத்த படங்கள் அடங்கிய கோப்புறையை இருமுறை சொடுக்குகிறீர்கள். சாளரம் திறக்கிறது. மேலே ஒரு கோடு மெல்ல ஊர்கிறது. பிறகு சாளரம் முழுவதும் வெளுத்துப்போய், தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்ற சொற்கள் தோன்றுகின்றன. சுட்டி வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாளை காலை ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டிய வேலையோ அந்தச் சாளரத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த நேரத்தில் பலர் செய்வது ஒன்றுதான். மின்விசையை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைப்பார்கள். மறுபடியும் திறப்பார்கள், மறுபடியும் உறையும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த பிறகு, “வைரஸ் புகுந்துவிட்டது, ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும்” என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். ஃபார்மேட் செய்தால் உறைதல் நிற்கலாம். படங்களும் சேர்ந்து போய்விடும்.

உறைதலுக்குக் காரணங்கள் பல. பெரும்பாலானவை பத்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய சில்லறைக் காரணங்கள். ஒன்றே ஒன்று மட்டும் அப்படியல்ல. அது வன்தட்டு செத்துக்கொண்டிருப்பதன் அறிகுறி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றைப் பிரித்தறிவது எப்படி என்பதே இவ்வாரப் பாடம். நம் வீடுகளிலும் பள்ளிக் கணினிக் கூடங்களிலும் விண்டோஸ் பரவலாக இருப்பதால், அதன் ‘ஃபைல் எக்ஸ்புளோரர்’ என்னும் கோப்பு மேலாளரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

உறைதல் என்றால் என்ன?

உணவங்காடி ஒன்றில் ஒரே ஆள் நடத்தும் தேநீர்க் கடையை நினைத்துப் பாருங்கள். வாடிக்கையாளரிடம் என்ன வேண்டும் என்று கேட்பவரும் அவரே, தே தாரேக் இழுப்பவரும் அவரே, காசு வாங்கிப் போடுபவரும் அவரே. திடீரென்று பால் தீர்ந்துவிட்டது. பின்பக்க அறைக்குப் போய்த் தேடுகிறார். முன்னால் நிற்பவர்கள் எவ்வளவு கூப்பிட்டாலும் அவர் காதில் விழாது. அவர் மயங்கி விழுந்துவிடவில்லை. ஒரு பொருளுக்காகக் காத்திருக்கிறார், அவ்வளவுதான்.

விண்டோஸில் ஒவ்வொரு சாளரத்துக்கும் இப்படி ஓர் ஆள் உண்டு. அவரைக் கணினித் துறையில் ‘இழை’ என்பார்கள். நீங்கள் மவுஸை நகர்த்துவது, சொடுக்குவது, விசையை அழுத்துவது எல்லாம் செய்திகளாக ஒரு வரிசையில் வந்து நிற்கும். இழை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்க வேண்டும். 5 வினாடிகள் வரை எதையும் எடுக்கவில்லை என்றால், விண்டோஸ் அந்தச் சாளரத்தின் மேல் அதே தோற்றமுள்ள ஒரு போலிச் சாளரத்தைப் போர்த்தி, ‘பதில் இல்லை’ என்று எழுதிவிடுகிறது. வெளுத்துத் தெரிவது இந்தப் போலிதான். அதனால்தான் உறைந்த சாளரத்தையும் உங்களால் ஓரமாக நகர்த்த முடிகிறது. ஆண்டிராய்டு திறன்பேசியிலும் இதே கணக்குத்தான்: தொடுதலுக்குச் செயலி 5 வினாடிகள் பதில் தராவிட்டால் ‘காத்திருக்கவா, மூடவா?’ என்று அது கேட்கும்.

ஆகவே ‘பதில் இல்லை’ என்றால் ‘இறந்துவிட்டது’ என்று பொருளல்ல. நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த ஆள் எதற்காகக் காத்திருக்கிறார்? இனி வரும் சோதனைகள் அனைத்தும் இந்த ஒரு கேள்விக்கு விடை தேடுபவையே.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 1990-இல் வந்த விண்டோஸ் 3.0-இல் கோப்பு மேலாளர் தனி நிரலாக இருந்தது. விண்டோஸ் 95 வந்தபோது அது எக்ஸ்புளோரராக மாறியது. திரையின் பின்புலம், கீழேயுள்ள பணிப்பட்டை, கோப்புறைச் சாளரங்கள் மூன்றையும் அந்த ஒரே நிரல் கவனிக்கத் தொடங்கியது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது ‘ஃபைல் எக்ஸ்புளோரர்’ என்று பெயர் மாறியது, ஏற்பாடு மாறவில்லை. ஒரு கோப்புறை உறைந்தால் பணிப்பட்டையும் சேர்ந்து மரத்துப்போவதற்கு இதுவே காரணம். கணினி முழுவதும் நின்றுவிட்டதாக நாம் பயப்படுகிறோம். உண்மையில் பக்கத்தில் திறந்திருக்கும் வேர்டு ஆவணம் நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும். முதலில் அங்கே போய் உங்கள் வேலையைச் சேமித்துவிடுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்பு

காரணம் தெரியும் முன்பே நகல் எடுத்துவிட வேண்டும். சிக்கலைச் சரிசெய்த பிறகு நகல் எடுக்கலாம் என்று நினைப்பது ஆபத்து. பழுது வன்தட்டில் இருந்தால், நீங்கள் செய்யும் ஒவ்வொரு சோதனையும் அதன் மிச்ச வாழ்நாளைத் தின்னும். ஆகவே முக்கியமான கோப்புகளை முதலில் ஒரு பென்டிரைவுக்கோ இணையச் சேமிப்பகத்துக்கோ அனுப்பிவிடுங்கள். எல்லாவற்றையும் அல்ல. மறுபடி பதிவிறக்கம் செய்யக்கூடிய படங்களையும் பாடல்களையும் விட்டுவிடலாம். நீங்களே எழுதியவை, நீங்களே எடுத்த படங்கள், குடும்பப் படங்கள் ஆகியவையே முதலில்.

கோப்புறையைத் திறந்தாலே உறைகிறதே, எப்படி நகல் எடுப்பது? அதற்கும் வழியுண்டு. கோப்புறைச் சாளரம் கோப்புகளைப் பட்டியலிடுவதோடு நில்லாமல் சிறுபடம் வரைகிறது, முன்னோட்டம் காட்டுகிறது, இன்னும் பல அலங்கார வேலைகளைச் செய்கிறது. கட்டளைச் சாளரத்துக்கு அந்த அலங்காரம் எதுவும் கிடையாது. தேடல் பெட்டியில் ‘சிஎம்டி’ என்று தட்டினால் கறுப்புச் சாளரம் ஒன்று திறக்கும். அதில் ‘ரோபோகாப்பி’ என்ற கட்டளை விண்டோஸுடனேயே வருகிறது. இப்படி எழுத வேண்டும் (தட்டச்சு செய்வது ஆங்கில எழுத்துகளில்தான், இங்கே ஒலிபெயர்த்துத் தருகிறோம்):

ரோபோகாப்பி சி:\செயல்திட்டம் இ:\நகல் /இ /ஆர்:1 /டபிள்யூ:1

முதலில் உள்ளது மூலக் கோப்புறை, அடுத்தது நகல் போக வேண்டிய இடம். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிகளுக்குள் எழுதுங்கள். ‘/இ’ என்றால் உட்கோப்புறைகளையும் சேர்த்து எடு என்று பொருள். கடைசி இரண்டையும் மறந்துவிடாதீர்கள். ஒரு கோப்பைப் படிக்க முடியாவிட்டால் இந்தக் கட்டளை இயல்பாக 30 வினாடி இடைவெளியில் 10 லட்சம் முறை முயன்று பார்க்கும். பெருக்கிப் பாருங்கள்: 3 கோடி வினாடிகள், அதாவது 347 நாள்கள்! ‘/ஆர்:1 /டபிள்யூ:1’ என்று சேர்த்தால், ஒரு வினாடி பொறுத்து ஒருமுறை மட்டும் மீண்டும் முயன்றுவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடும்.

நாடி பிடித்துப் பார்த்தல்

இப்போது சோதனைக்கு வருவோம். சாளரம் உறைந்திருக்கும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். பட்டியலில் ‘விண்டோஸ் எக்ஸ்புளோரர்’ என்ற வரியைத் தேடுங்கள். அதை வலச்சொடுக்கினால் ‘ரீஸ்டார்ட்’ வரும். அதை அழுத்தினால் எக்ஸ்புளோரர் மட்டும் மூடி மீண்டும் திறக்கும். மற்றச் செயலிகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எக்ஸ்புளோரர் வழியாக ஏதாவது நகலாகிக்கொண்டிருந்தால் அது பாதியில் நின்றுவிடும்.

ரீஸ்டார்ட்டை அழுத்த அவசரப்படாதீர்கள். அழுத்திவிட்டால் சான்று அழிந்துபோகும். முதலில் எண்களைப் பாருங்கள்.

எக்ஸ்புளோரர் வரியில் சிபியு, அதாவது மையச் செயலகத்தின் விழுக்காடு எவ்வளவு? கணினியில் 8 தருக்கச் செயலகங்கள் இருந்தால், ஓர் இழை முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொண்டு முழுமூச்சாக ஓடினாலும் மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் தின்னும். அது 12.5 விழுக்காடு. “12 விழுக்காடுதானே, குறைவாகத்தான் இருக்கிறது” என்று ஏமாந்துவிட வேண்டாம். அந்த எண் 12-லிருந்து 13-க்குள் அசையாமல் நின்றால், ஏதோ ஒரு துணைநிரல் சுழலில் மாட்டியிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

அடுத்து, ‘பெர்ஃபாமன்ஸ்’ பக்கத்தில் வட்டின் வரைபடத்தைப் பாருங்கள். வட்டு 100 விழுக்காடு ‘சுறுசுறுப்பாக’ இருக்கிறது. ஆனால் படிக்கும் வேகமோ வினாடிக்குச் சில நூறு கிலோபைட்டுதான். சராசரி மறுமொழி நேரம் ஆயிரக்கணக்கான மில்லிவினாடி. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கவலைப்பட வேண்டியதுதான். வட்டு கடுமையாக உழைக்கிறது, ஆனால் எதுவும் கைக்கு வந்து சேரவில்லை. வேகமும் அதிகமாக இருந்தால் அது வேறு. ஏதோ பெரிய நகல் வேலையோ புதுப்பிப்போ நடக்கிறது என்று பொருள்.

மூன்றாவது நிலை, மையச் செயலகமும் சும்மா இருக்கிறது, வட்டும் சும்மா இருக்கிறது, ஆனாலும் சாளரம் உறைந்திருக்கிறது. அப்படியென்றால் நம் ஆள் வெளியாருக்காகக் காத்திருக்கிறார். பெரும்பாலும் வலையமைப்பில் உள்ள ஏதாவது ஒன்றுக்கோ, வேறொரு நிரலுக்கோ. ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் எக்ஸ்புளோரரை வலச்சொடுக்கி ‘அனலைஸ் வெயிட் செயின்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்ற சங்கிலியை விண்டோஸே சில வேளைகளில் காட்டிக்கொடுக்கும். அதிகம் பேருக்குத் தெரியாத பயனுள்ள கருவி இது.

எப்போது உறைகிறது?

எண்களைப் பார்த்தாயிற்று. இனி நீங்களே சாட்சி. எந்தச் செயலின்போது உறைகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். தொடக்கப்பள்ளி அறிவியலில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகியவை நினைவிருக்கிறதா? அதே முறைதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஐந்தை ஒரே நேரத்தில் மாற்றிச் சிக்கல் தீர்ந்தால், எது தீர்த்தது என்று உங்களுக்குத் தெரியாது. மறுமாதம் திரும்ப வந்தால் ஐந்தையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

ஒரு குறிப்பிட்ட கோப்புறையில் மட்டும் உறைகிறது, மற்றவை நன்றாகத் திறக்கின்றன என்றால், சந்தேகம் சிறுபடங்களின் மேல் விழ வேண்டும். ஒரு கோப்புறையில் 1800 படங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் சிறுபடம் வரைய, ஒவ்வொரு கோப்பையும் ஒருமுறையாவது வட்டில் தேடிப் படிக்க வேண்டும். மடிக்கணினியில் இருக்கும் பழைய சுழல்வட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிவினாடி. தேவையான இடம் ஊசியின் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச்சுற்று, 5.6 மில்லிவினாடி. ஊசி சரியான தடத்துக்கு நகரச் சுமார் 12 மில்லிவினாடி. கூட்டினால் 17.6. அதை 1800-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 32 வினாடிகள்! ஒரு கோப்புக்கு ஒரே ஒரு தேடல் என்று மிகக் குறைவாகக் கணக்கிட்டே இவ்வளவு. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வட்டில் ஒரு தேடலுக்கு 0.1 மில்லிவினாடி போதும் என்று வைத்துக்கொண்டால், இதே வேலை 0.2 வினாடியில் முடிந்துவிடும். பழைய கணினியில் படக் கோப்புறை தடுமாறுவதும் புதிய கணினியில் பறப்பதும் இந்த வேறுபாட்டால்தான். ஒருமுறை வரைந்த சிறுபடங்களை விண்டோஸ் தனியாகச் சேமித்து வைத்துக்கொள்வதால், முதல்முறை மட்டும் தாமதமாகி அடுத்தமுறை சரியாகத் திறந்தால் பழுது ஏதுமில்லை.

ஒவ்வொரு முறையும் உறைந்தால், கோப்புகளில் ஒன்று கெட்டுப்போயிருக்கலாம். பாதியில் அறுந்துபோன காணொளிப் பதிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிறுபடம் எடுக்கும் நிரல் அதை உடைத்துப் பார்க்க முயன்று அங்கேயே மாட்டிக்கொள்ளும். இப்படி நடக்கும் என்று தெரிந்தே, பல வகைக் கோப்புகளின் சிறுபடம் எடுக்கும் வேலையை ‘காம் சரகேட்’ என்ற தனி நிரலுக்கு மைக்ரோசாஃப்ட் ஒதுக்கியிருக்கிறது. விழுந்தால் அது விழட்டும், எக்ஸ்புளோரர் பிழைத்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு; ஒருவகையில் பலிகடா. ஆனாலும் எல்லாத் துணைநிரலும் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படுவதில்லை.

சோதிப்பது எளிது. கோப்புறை விருப்பங்களில் ‘வியூ’ பக்கத்துக்குப் போய், ‘எப்போதும் சின்னங்களையே காட்டு, சிறுபடம் வேண்டாம்’ என்ற பொருளில் உள்ள முதல் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். முன்னோட்டப் பலகம் திறந்திருந்தால் ஆல்ட், பி விசைகளை அழுத்தி மூடுங்கள். இது தனிச் சோதனை. முதல் சோதனையோடு கலக்க வேண்டாம். உறைதல் நின்றுவிட்டதா? குற்றவாளி இந்தக் கோப்புறையில்தான் இருக்கிறான். 1800 கோப்புகளில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாதியை வேறொரு கோப்புறைக்கு மாற்றுங்கள். சிறுபடத்தை மறுபடி இயக்கிப் பாருங்கள். எந்தப் பாதி உறைகிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். 1800, 900, 450, 225... பதினோரு முறைக்குள் ஒற்றைக் கோப்புக்கு வந்துவிடுவீர்கள், ஏனென்றால் 2-இன் 11-ஆம் அடுக்கு 2048. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒரு வார விடுமுறை போய்விடும். கெட்ட கோப்பு எதுவும் அகப்படாமல் உறைதல் மட்டும் தொடர்ந்தால், சேமித்து வைத்த சிறுபடங்களே கெட்டிருக்கலாம். ‘டிஸ்க் கிளீனப்’ நிரலில் ‘தம்நெய்ல்ஸ்’ என்பதை மட்டும் தேர்ந்தெடுத்து அழித்தால் போதும். படங்கள் அழியா, அவற்றின் சிறுபடங்கள் மட்டும் புதிதாக வரையப்படும்.

கோப்புறை ஒழுங்காகத் திறக்கிறது, வலச்சொடுக்கினால்தான் உறைகிறது என்றால் கதை வேறு. வலச்சொடுக்கும்போது வரும் பட்டியல் முன்பே அச்சடித்து வைத்தது அல்ல. நீங்கள் நிறுவிய சுருக்குநிரல், வைரஸ் தடுப்பு நிரல், இணையச் சேமிப்பகச் செயலி, படத்தொகுப்புச் செயலி என ஒவ்வொன்றும் அதில் ஒரு வரி சேர்க்க இடம் வாங்கியிருக்கும். ‘இந்தக் கோப்புக்கு உன்னிடம் ஏதாவது உண்டா?’ என்று எக்ஸ்புளோரர் ஒவ்வொருவரிடமும் கேட்கும். இந்தத் துணைநிரல்கள் எக்ஸ்புளோரரின் வீட்டுக்குள்ளேயே குடியிருப்பவை. ஒருவர் பதில் சொல்லத் தாமதித்தால் வீடே காத்திருக்க வேண்டியதுதான். விண்டோஸ் 11-இல் முதலில் வரும் சுருக்கப் பட்டியல் உடனே திறந்து, ‘மேலும் விருப்பங்கள்’ என்பதை அழுத்தியதும் உறைந்தால், சான்று இன்னும் தெளிவு. பழைய வகைத் துணைநிரல்கள் அந்த இரண்டாம் பட்டியலுக்குத்தான் ஏற்றப்படுகின்றன.

இவற்றைப் பட்டியலிட்டு, தற்காலிகமாக நிறுத்தி வைக்க ‘ஷெல்எக்ஸ்வியூ’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. நிர்சாஃப்ட் தளத்தில் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் அல்லாதவற்றை அது இளஞ்சிவப்பு நிறத்தில் காட்டும். அவற்றை மட்டுமே தொடுங்கள். இங்கேயும் பாதிபாதி முறைதான். பாதியை நிறுத்துங்கள், எக்ஸ்புளோரரை ரீஸ்டார்ட் செய்யுங்கள், வலச்சொடுக்கிப் பாருங்கள். குற்றவாளி அகப்பட்டதும் அந்த நிரலைப் புதுப்பித்துப் பார்க்கலாம். அது வேண்டாத நிரல் என்றால் நீக்கிவிடலாம். பள்ளிக் கணினியில் இதைச் செய்ய வேண்டாம், ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

எந்தக் கோப்புறையும் வேண்டாம், எக்ஸ்புளோரரைத் திறந்த உடனேயே அரை நிமிடம் உறைகிறது, அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் வேலை செய்கிறது. மையச் செயலகமும் வட்டும் சும்மாதான் இருக்கின்றன. இதற்கு வழக்கமான காரணம் இல்லாத இடத்தைத் தேடுவது. அப்பா முன்பு அலுவலக வலையமைப்பில் ஓர் இயக்ககத்தை இணைத்திருப்பார். கணினி இப்போது வீட்டில் இருக்கிறது. எக்ஸ்புளோரரோ அந்த முகவரியில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டு, யாரும் இல்லை என்பதை ஏற்றுக்கொள்ளும்வரை நிற்கிறது. தேவையில்லாத வலையமைப்பு இயக்ககங்களை வலச்சொடுக்கித் துண்டித்துவிடுங்கள். அண்மைக் கோப்புகளின் பட்டியலிலும் இப்படிப்பட்ட பழைய முகவரிகள் ஒளிந்திருக்கும். கோப்புறை விருப்பங்களில் ‘கிளியர்’ பொத்தானை அழுத்தி அந்த வரலாற்றை அழியுங்கள்; எக்ஸ்புளோரர் திறக்கும் இடத்தை ‘திஸ் பிசி’ என்று மாற்றுங்கள். இரண்டும் சேர்ந்து இரண்டு நிமிட வேலை.

கவலைப்பட வேண்டிய உறைதல்

இப்போது அந்த ஒன்றுக்கு வருவோம். எந்தக் கோப்புறை என்றில்லாமல் உறைகிறது. நகல் எடுக்கும்போது நடுவில் நின்று நின்று போகிறது. கணினி திறக்கவே முன்பைவிட அதிக நேரம் எடுக்கிறது. சுழல்வட்டு என்றால் ‘டக், டக்’ என்று ஒரே சீராக ஒலி வரலாம். எஸ்எஸ்டி வட்டோ சத்தமே போடாது.

வட்டின் ஒரு சிறு பகுதி பழுதடையும்போது, அதில் உள்ளதை முதல் முயற்சியில் படிக்க முடியாது. வட்டு உடனே கைவிரிப்பதில்லை. மீண்டும் மீண்டும் முயன்று பார்க்கும். அந்த நேரமெல்லாம் விண்டோஸ் காத்திருக்கும், எக்ஸ்புளோரரும் காத்திருக்கும், நீங்களும் காத்திருப்பீர்கள். அதனால்தான் பழுதான வட்டு ‘பிழை’ என்று சொல்வதற்கு முன்பு பல வாரங்கள் ‘மெதுவாக இருக்கிறது’ என்ற தோற்றத்தையே தருகிறது. எச்சரிக்கைக் காலம் அதுதான். நகல் எடுக்கக் கிடைத்த அவகாசமும் அதுதான்.

இதை உறுதிசெய்ய இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, ‘ஈவன்ட் வியூவர்’ என்னும் நிகழ்வுப் பதிவேடு. அதன் ‘சிஸ்டம்’ பகுதியில் ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7 அல்லது 153 எண்ணுள்ள நிகழ்வுகள் இருக்கின்றனவா? 7 என்றால் வட்டில் கெட்ட பகுதி இருக்கிறது. 153 என்றால் ஒரு படித்தலோ எழுதுதலோ தோற்று, மறுமுயற்சி செய்யப்பட்டது. சாளரம் உறைந்த நேரமும் இந்தப் பதிவுகளின் நேரமும் ஒத்துப்போனால் வேறு சான்று தேவையில்லை. நீங்கள் தாளில் நேரம் குறித்து வைத்தது இங்கேதான் கைகொடுக்கும். வெறும் நிரல் உறைதல் என்றால் ‘அப்ளிகேஷன்’ பகுதியில் 1002 எண்ணுடன் பதிவாகியிருக்கும்.

இரண்டாவது, வட்டின் சொந்த உடல்நல அறிக்கை. இதன் பெயர் ஸ்மார்ட். ‘கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவசச் செயலி அதைப் படித்துக் காட்டும். சுழல்வட்டில் மூன்று வரிகளைக் கவனியுங்கள்: 05, சி5, சி6. முதலாவது, கெட்டுப்போனதால் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டாவது, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருப்பவை. மூன்றாவது, திருத்தவே முடியாதவை. சி5 பூச்சியமாக இல்லாவிட்டால் அந்த வட்டை நம்ப வேண்டாம். ஒரு வாரத்தில் அந்த எண் கூடிக்கொண்டே போனால் புது வட்டு வாங்கப் பெற்றோரிடம் சொல்லுங்கள். ஆனால் ஸ்மார்ட் நலம் என்று காட்டிவிட்டால் வட்டு நிச்சயம் நலம் என்று அர்த்தமில்லை. முன்னறிவிப்பே இல்லாமல் செத்துப்போகும் வட்டுகளும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘செக்டிஸ்க்’ என்ற வட்டுச் சோதனைக் கட்டளையை ‘/ஆர்’ சேர்த்து இயக்குங்கள் என்று பலரும் முதல் ஆலோசனையாகச் சொல்வார்கள். அது வட்டின் ஒவ்வொரு பகுதியையும் படித்துப் பார்க்கும், மணிக்கணக்கில் ஓடும். நல்ல வட்டுக்கு அதனால் கெடுதல் இல்லை. சாகக் கிடக்கும் வட்டை நகல் எடுப்பதற்கு முன்பு இப்படி ஓடவைப்பது, காலில் எலும்பு முறிந்தவரை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லிச் சோதிப்பது போன்றது. நகல் எடுத்த பிறகு செய்யுங்கள்.

பென்டிரைவையோ வெளி வட்டையோ செருகும்போது மட்டும் உறைந்தால், அதை வேறொரு துளையில் செருகிப் பாருங்கள். கம்பியை மாற்றிப் பாருங்கள். வேறு கணினியிலும் பாருங்கள். மூன்று சோதனைகளில் குற்றம் கணினியிலா, கம்பியிலா, வட்டிலா என்று தெரிந்துவிடும். ‘ஃபார்மேட் செய்ய வேண்டுமா?’ என்று விண்டோஸ் கேட்டால், உள்ளே தேவையான கோப்பு இருக்கும்வரை ‘ஆம்’ என்று அழுத்தாதீர்கள்.

எதிலும் அகப்படவில்லை என்றால்

மேலே சொன்ன எதிலும் விடை கிடைக்காதபோதுதான் விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சந்தேகிக்க வேண்டும். நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில் ‘எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்’ என்று தட்டினால் அது கோப்புகளைச் சரிபார்த்து, கெட்டவற்றை மாற்றும். பலர் இதையே முதலில் செய்யச் சொல்வார்கள். நான் கடைசியில் வைக்கிறேன்: நேரம் பிடிக்கும், கோப்புறை உறைவதற்கு இது காரணமாக இருப்பதும் அரிது. கணினியைச் ‘சேஃப் மோட்’ என்னும் பாதுகாப்பு நிலையில் திறந்து பார்ப்பது இதைவிடப் பயனுள்ள சோதனை. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் அதற்கான வழி திறக்கும். அந்த நிலையில் விண்டோஸ் தனக்குக் கட்டாயம் வேண்டியவற்றை மட்டும் ஏற்றிக்கொள்ளும். அங்கே உறையவில்லை என்றால், பின்னால் ஓடும் ஏதோ ஒரு நிரலோ இயக்கியோதான் காரணம். ‘பதிவேட்டைத் துப்புரவு செய்து கணினியை வேகமாக்குகிறோம்’ என்று விளம்பரம் செய்யும் நிரல்களை மட்டும் நிறுவாதீர்கள். சிக்கலைத் தேடும்போது இன்னொரு சிக்கலைச் சேர்க்கக் கூடாது.

கடைக்கு எடுத்துப் போக நேர்ந்தால், “கணினி ஹேங் ஆகிறது” என்று மட்டும் சொல்லாமல் நீங்கள் குறித்து வைத்த தாளைக் காட்டுங்கள். உறைந்த நேரம், அப்போது செய்த செயல், டாஸ்க் மேனேஜர் எண்கள், நிகழ்வு எண் 153 எத்தனை முறை வந்தது, எவற்றை மாற்றிப் பார்த்தீர்கள் என்பன அதில் இருந்தால், பழுதுபார்ப்பவர் ஃபார்மேட்டில் தொடங்க மாட்டார்.

செய்து பாருங்கள்

1. ஒரு கணினியில் 4 தருக்கச் செயலகங்கள் உள்ளன. வலச்சொடுக்கியதும் எக்ஸ்புளோரர் உறைகிறது. அதன் வரியில் மையச் செயலகம் 25 விழுக்காட்டில் அசையாமல் நிற்கிறது, வட்டு சும்மா இருக்கிறது. எதைச் சந்தேகிப்பீர்கள்? ஏன் 25?

2. மைக்ரோசாஃப்ட் அல்லாத துணைநிரல்கள் 40 இருக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டுமே குற்றவாளி. பாதிபாதி முறையில் அதிகபட்சம் எத்தனை சோதனைகள் தேவை?

3. நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் வட்டில் ஊசி நகர 9 மில்லிவினாடி ஆகிறது என்று கொண்டால், 1800 படங்களுக்கு எத்தனை வினாடிகள் ஆகும்?

விடைகள் அடுத்த வாரம்.